கம்பளி போட்டு மிதி, கண்ணு!

ஏண்டா கண்ணு, எடின்பரோவுல சைக்கிள் வாங்கி ஆபீசுக்கு மிதிச்சுட்டுப் போறியாமா? நல்லதுதான். காலுன்னு ஒண்ணு இருக்கறதையே மறக்க வெக்கிற படிப்பு உன்றது. அதுக்கும் ஒரு வேலை கெடைச்சுதேன்னு சந்தோசம். ஆனா சைக்கிளோட நிக்கலையாமே நீ. ஒடம்போட ஒட்டிக்கிற பளபளப்புத் துணி ஒரு ஜோடி, அதுக்கு மேல ஒரு மழைச்சட்டை, போய் எறங்குனதும் மாத்திக்க ஆபீஸ் துணி, அதைச் சொமக்க ஒரு பை, வேர்த்த துணியக் கட்டி வெக்க இன்னொரு பை. எத்தனை தூரம்டா ஆபீசுன்னு கேட்டா நாலு மைலுங்கறே. காசிக்கு நடந்து போனவங்ககூட இத்தனை மூட்டை கட்டலை சாமி.

போட்டோ வேற அனுப்பிச்சிருந்தே. உன்ற அம்மிச்சி கண்ணாடியப் போட்டு உத்து உத்துப் பார்த்துட்டு, "பையன் மேலெல்லாம் கருப்பா என்னமோ பூசி உட்டிருக்காங்களே, எங்காச்சும் உழுந்து எந்திரிச்சானா"ன்னு வெசனப்பட்டா. "அது துணிதாண்டி, அவன் உடுத்திட்டுத்தான் இருக்கான்"னு நான் சத்தியம் பண்ணுன பொறகுதான் சோத்துல கை வெச்சா.

சரி, கேளு. இந்தக் கெழவனுக்குச் சீமைக் குளிரைப் பத்தி என்ன தெரியும்னு நீ நெனைப்பே. ஊட்டிக்கு மேல சாண்டிநல்லா ஆட்டுப் பண்ணையில செம்மறி மயிரு கத்தரிச்சே தேஞ்ச கை இது. நீலகிரிச் செம்மறின்னா சும்மா உள்ளூரு ஆடுன்னு நெனைச்சுக்காத. வெள்ளைக்காரன் காலத்துல நம்ம கோயமுத்தூர் குரும்பை ஆட்டோட டாஸ்மேனியா மெரினோ, சவுத்டவுன், செவியட்டுன்னு எல்லாத்தையும் கலந்து வந்த வம்சம் அது. செவியட் எங்க இருக்குன்னு மேப்புல தேடிப் பாரு. ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் எல்லையில இருக்கற மலை. நீ விசா வாங்கறதுக்கு நூறு வருசம் முன்னாடியே நம்மூரு ஆடு அந்தச் சீமையோட சம்பந்தம் பண்ணிருச்சு. ஆக, ஒரம்பரைங்கற உரிமையில சொல்றேன்.

நாங்களும் சைக்கிள் மிதிச்சவங்கதான். அம்பத்தூர்ல 1949ல கம்பெனி ஆரம்பிச்சு, ஹெர்குலிஸ் வண்டி ஊருக்கு ஊரு வந்த காலம். கல்யாணமோ கருமாதியோ, வேட்டிய முட்டிக்கு மேல மடிச்சுக் கட்டி ஏறி உக்காந்துட்டா வழி நெடுக சைக்கிள்காரன். பந்தலுக்கு முன்னால எறங்கி மடிப்ப அவுத்து உட்டாப் பெரிய மனுசன். சைக்கிள்ல வந்தவன் துணி மாத்தறதுக்குன்னு எந்த மண்டபத்துலயும் ரூமு கட்டலை. யாரும் கேக்கவும் இல்லை. நான் சொல்ல வந்த ரோசனை மொத்தமும் இம்புட்டுத்தான்: ஏறும்போது போட்ட துணியோடயே, எறங்குன எடத்துல நாலு பேருக்கு முன்னால நிக்க முடியோணும். நிக்க முடியலைன்னா அது பந்தயக்காரன் துணி. பொழப்புக்குப் போறவன் துணி இல்லை. உன்ற ஊர்ல வேட்டிய மடிச்சுக் கட்டுனா முட்டி வெறைச்சுப் போயிரும். அங்க வேட்டியோட வேலையச் செய்யறது கம்பளி.

கம்பளின்னதும் மூஞ்சியச் சுளிக்காத. ஆட்டுக்காரன் கொங்காடை போட்டுட்டு மழையில நிக்கற கருங்கம்பளி உன் கண்ணுல வந்திருக்கும். அதைக் கேலி பண்ணாம அதுகிட்டயே பாடம் கேளு. நீ இப்பப் போட்டிருக்கற பளபளப்பு எங்க வெளையுதுன்னு தெரியுமா? பூமிக்கு அடியில. மண்ணெண்ணெய்க்குப் பங்காளி அது. பாலியஸ்டரை மான்செஸ்டர் கம்பெனி ஒண்ணுல வேலை பார்த்த வின்ஃபீல்டு, டிக்சன்னு ரெண்டு பேரு 1941ல கண்டுபிடிச்சாங்க. இழுத்த இழுப்புக்கு வர்ற லைக்ரா 1958ல அமெரிக்காவுல டூபான்ட் கம்பெனியில பொறந்துச்சு. ரெண்டுமே என்னைவிட எளசு. எளசுங்களுக்கு அறிவு இருக்கும், அனுபவம் பத்தாது. செம்மறி அந்தக் குளிர்லயும் மழையிலயும் பல்லாயிரம் வருசமா நின்னு பார்த்துட்டுத்தான் அந்தச் சட்டையப் போட்டிருக்கு. அதுவும் ஒரு சட்டைதான். ஆபீசுக்கொண்ணு, ரோட்டுக்கொண்ணுன்னு மாத்திட்டு இருக்கலை.

அந்த மயிருக்கு அப்படி என்ன சூட்சுமம்னு கேளு. இழைக்கு மேல செதில் செதிலா இருக்கும். தூறல் விழுந்தா மேலாகவே உருண்டு எறங்கிரும். உள்ளுக்குள்ளயோ, அது பழுத்த குடிகாரன். தன் எடையில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ஈரத்தைக் குடிச்சுட்டும், "நானா? நான் எங்கீங்க குடிச்சேன்"னு காய்ஞ்ச மூஞ்சியோட நிக்கும். பாலியஸ்டர் நூத்துல ஒரு பங்குகூடக் குடிக்காது. அத்தனையையும் உன் முதுகுமேலயே நிறுத்தி வெச்சுரும். இன்னொரு சங்கதி: ஈரத்தை உறிஞ்சும்போது கம்பளி சித்தெ சூடு உடும். காய்ஞ்ச வீட்டுக்குள்ள இருந்து கதவைத் தொறந்து ஈரக்காத்துல கால் வெச்ச ஒடனே அது வேலைய ஆரம்பிச்சுரும். காசு கேக்காத கணப்புச் சட்டி.

இழை நேரா இருக்காது, சுருண்டு சுருண்டு இருக்கும். அந்தச் சுருளுக்கு நடுவுல காத்து மாட்டிக்கும். குளிரைத் தடுக்கறது மயிரு இல்லை, மாட்டிக்கிட்ட அந்தக் காத்துதான். பருத்தி நனைஞ்சாப் பொத்துன்னு ஒடம்போட ஒட்டிக்கிட்டு, இருக்கற சூட்டையும் உறிஞ்சிட்டுப் போயிரும். கம்பளி நனைஞ்சாலும் சுருள் அவ்வளவு லேசுல படுத்துக்காது; கொஞ்சமாச்சும் காத்தைப் புடிச்சு வெச்சிருக்கும். அதுக்குத்தான் மீன் புடிக்கறவன், மலை ஏறறவன், ஆடு மேய்க்கறவன் மூணு பேரும் கூடிப் பேசாமயே ஒரே துணிக்கு வந்து சேர்ந்தாங்க.

அப்பறம் வாடை. கூச்சப்படாமக் கேளு, நம்ம ரெண்டு பேருக்குள்ளதானே. பிளாஸ்டிக் துணிய ஒரு நாள் போட்டு மூலையில எறிஞ்சுட்டு மறுநாள் எடுத்தா, எடுத்த கையே கோவிச்சுக்கும். கம்பளி அந்த நாத்தத்தை இழைக்குள்ளயே கட்டி வெச்சுரும். காத்தாட மாட்டி உட்டாப் பாதி போயிரும். ஆபீசுல உன் பக்கத்து நாற்காலி ஏன் எப்பவும் காலியாவே இருக்குன்னு நீ ரோசிச்சதே இல்லையா?

இதெல்லாம் அப்புச்சி பட்டியில உக்காந்து கட்டி உட்ட கதைன்னு நெனைக்காத. சைக்கிளைப் பெருசாக் கொண்டாடுன சீமைக்காரனே கம்பளியிலதான் மிதிச்சான். பேத்தி போன்ல தேடித் தேடிப் படிச்சுக் காட்டுனா. 1878ல இங்கிலாந்துல ஹாரோகேட்டுங்கற ஊர்ல சைக்கிள்காரங்க ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப்புன்னு பொறகு பேரு. சங்கம்னு ஆரம்பிச்சா மொதல்ல என்ன பண்ணுவாங்க? யூனிபாரம் தைப்பாங்க. கரும்பச்சை டெவன்ஷயர் செர்ஜுல கோட்டு, முட்டிக்குக் கீழ நிக்கற கால்சட்டை, தலைக்கு ஒரு தொப்பி. செர்ஜுன்னா அதுவும் கம்பளிதான். நாலு தடவை சேத்து ரோட்டுல போயிட்டு வந்ததும் தெரிஞ்சுருச்சு, பச்சை அத்தனை அழுக்கையும் ஊருக்குக் காட்டிக் குடுக்குதுன்னு. சாம்பல் கலருக்கு மாத்திட்டாங்க. துவைக்கறதுக்குப் பதிலாக் கலரை மாத்துன கெட்டிக்காரங்க. அவங்ககிட்ட இருந்து நீயும் ஒண்ணு கத்துக்கோ, வெள்ளை வேண்டாம்.

அப்பறம் ஜெர்மனியில ஜேகர்னு ஒரு வாத்தியாரு, வெலங்கு சாஸ்திரம் படிச்சவரு. மனுசன் ஒடம்புல ஆட்டு மயிரு, ஒட்டக மயிருன்னு மிருகத்தோட இழைதான் படோணும், செடியில வர்ற பருத்தியும் லினனும் ஆகாதுன்னு ஒரு சித்தாந்தமே போட்டாரு. அதை நம்பி 1884ல லண்டன்ல அவரு பேர்லயே கடை தொறந்தாங்க. நம்புன ஆளுங்கள்ல ஒருத்தர் பெர்னாட் ஷா. நாடகக்காரர், யாரு பேச்சையும் கேக்காத வாயி. துணி விசயத்துல மட்டும் ஜேகர் சொன்னதைக் கேட்டு உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் கம்பளியில லண்டன் தெருவுல நடந்தாரு. அப்பறம் நாப்பது வயசை நெருங்கும்போது சைக்கிள் பழகுனாரு. 1895ல வேல்ஸ் எல்லைப் பக்கம், தத்துவம் படிச்ச எளவட்டம் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் வண்டிமேல போய் மோதிட்டாரு. ரஸ்ஸலுக்குச் சிராய்ப்புகூட இல்லை, அவரு கால்சட்டைதான் போச்சுன்னு ஷாவே எழுதி வெச்சிருக்காரு. இதுல உனக்கு ரெண்டு பாடம். ஒண்ணு, அறிவாளிங்க முன்னால போனா எடைவெளி உட்டு மிதி. ரெண்டு, சைக்கிள்ல மொதல்ல அடி வாங்கறது கால்சட்டைதான். அதுல கஞ்சத்தனம் பண்ணாத.

பொம்பளைங்க கதை இன்னும் காரமா இருக்கும். பாவாடை சக்கரத்துல மாட்டுதுன்னு ஹார்பர்ட்டன் சீமாட்டின்னு ஒரு அம்மா, கால் பிரிஞ்ச கால்சட்டையப் போட்டுட்டு 1898ல சர்ரேயில ஆக்கம்ங்கற ஊருக்கு மிதிச்சுட்டுப் போச்சு. அங்க ஹோட்டல்ல காப்பி ரூமுக்குள்ள உட மாட்டேன்னுட்டாங்க. சாராயம் குடிக்கறவங்க பக்கத்து ரூமுல வேணா உக்காருன்னாங்க. சைக்கிள் சங்கம் கோர்ட்டுக்குப் போச்சு. 1899ல தீர்ப்பு வந்துச்சு, ஹோட்டல் பக்கம் ஜெயிச்சுருச்சு. கேஸ் தோத்தாலும் அந்தக் கால்சட்டை தோக்கலை. இன்னிக்கு அந்த ஊர்ல எந்தப் பொண்ணு பாவாடையில மிதிக்கறா, நீயே சொல்லு. எறங்குன எடத்துல நிக்க உடோணும்னுதான் அந்த அம்மாவும் சண்டை போட்டுச்சு.

"அப்புச்சி, பந்தயக்காரங்கள்லாம் லைக்ராவுலதானே போறாங்க"ன்னு நீ மடக்குவே. உன் மடக்குக்கும் பதில் வெச்சிருக்கேன். 1940கள் கடைசியில, டூர் டி பிரான்ஸ் பந்தயத்துல முந்தி நிக்கறவன் போடற மஞ்சள் சட்டைக்குப் பணம் போட்டது சோஃபில்னு செயற்கை நூல் கம்பெனி. அந்தக் கலப்பு நூல் சட்டைய லூயிசன் போபேன்னு ஒரு எளவட்டம் போட மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னான். வேர்வையில நாளெல்லாம் மிதிக்கறவனுக்குச் சுத்தக் கம்பளிதான் ஆரோக்கியம்னு அவன் நெனைப்பு. பந்தயம் நடத்துன கோதே எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாரு. கடைசியில செயற்கை நூல் கம்பெனிக்காரனே ராத்திரியோட ராத்திரியா ஆட்டு மயிருல சட்டை தச்சுக் குடுத்தான். அந்தப் பையன் பின்னால 1953, 54, 55ன்னு மூணு வருசம் தொடர்ந்து ஜெயிச்சான். கம்பளிதான் ஜெயிக்க வெச்சுதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா கம்பளி தடுக்கலை பாரு.

பந்தயக்காரனுக்கு இன்னிக்கு லைக்ரா நல்லதுதான், நான் இல்லைங்கலை. காத்தைக் கிழிச்சுட்டுப் போறவனுக்கு ஒட்டுன துணி வேணும். நீ எதைக் கிழிக்கப் போறே? பத்து மணிக்கு வருகைப் பதிவு இருக்கு, அதைக்கூட அவங்க யாரும் பார்க்கறதில்லைன்னு நீயே சொன்னே.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். நீ இருக்கற நாட்டுலயே, மேற்குக் கடல்ல, லூயிஸ், ஹாரிஸ், யூயிஸ்ட், பாராவுன்னு தீவுங்க இருக்கு. ஹாரிஸ் ட்வீடுங்கற துணி அங்கதான் வெளையுது. 1840கள்ல டன்மோர் சீமாட்டி அந்தத் தீவுத் துணியப் பெரிய எடத்துக்கெல்லாம் கொண்டு போய்ப் பழக்கி உட்டா. நல்லாப் போறதுன்னா போலியும் கூடவே வரும், அதுக்கு ஊரு நாடு கெடையாது. உருண்டைக்கு மேல சிலுவை வெச்ச முத்திரைய 1910ல பதிவு பண்ணுனாங்க. அதுவும் பத்தாதுன்னு 1993ல பார்லிமெண்டுல தனிச் சட்டமே போட்டாங்க. புதுக் கம்பளியா இருக்கோணும், அந்தத் தீவுங்கள்லயே சாயம் போட்டு நூத்திருக்கோணும், தீவுக்காரன் அவன் வீட்டுலயே நெய்யோணும், அங்கயே முடிக்கோணும். நம்மூர்லயும் கைத்தறிக்குன்னு 1985ல ஒரு சட்டம் போட்டாங்க. நம்ம சட்டத்துக்கும் நெசவாளி வீட்டு அடுப்புக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு நான் சொன்னா, பழமை வேற பக்கம் போயிரும், உடு.

அந்தத் தறியில மோட்டாரு கெடையாது. மொதல் உலகப் போருக்குப் பின்னால ஹாட்டர்ஸ்லின்னு ஒரு தறி வந்துச்சு, காலால மிதிச்சு ஓட்டறது. 1990கள்ல அகலத் துணிக்கு போனஸ் கிரிஃபித்துன்னு ஒரு தறி வந்துச்சு. அதுல நெசவாளி எப்படி நெய்யறான்கறே? சீட்டுல உக்காந்து, சைக்கிள் பெடலையே சுத்தறான்! நெசமாலுமே சுத்தறான், ரெண்டு காலும் மாறி மாறி. வெளிய மழை கொட்டும், அவன் கொட்டாய்க்குள்ள மிதிச்சுட்டே இருப்பான், ஒரு அடி நகர மாட்டான். அவன் மிதிச்சு நெய்ஞ்ச துணிய நீ போட்டு மிதிச்சாத்தான் அந்த மிதிக்கு ஒரு ஊரு போய்ச் சேர்ந்த புண்ணியம் கெடைக்கும். உன்ற பளபளப்பு நூலை எவன் மிதிச்சு நெய்ஞ்சான், சொல்லு பார்ப்போம்.

இன்னொண்ணு சொல்லட்டுமா? அம்மிச்சிக்கிட்ட மட்டும் சொல்லிராத. அந்தக் காலத்துல நெய்ஞ்சு எறக்குன துணி இறுகறதுக்கு, தீவுப் பொம்பளைங்க பலகையச் சுத்தி உக்காந்து, பாட்டுப் பாடிட்டே ஈரத்துணியப் பொத்துப் பொத்துன்னு அடிப்பாங்க. எதுல நனைச்சுன்னு கேளு. வீட்டு வீட்டுக்கு முட்டியில புடிச்சு வெச்ச பழைய மூத்திரத்துல! அதுல இருக்கற அம்மோனியா எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், சாயத்தைக் கெட்டிப்படுத்தும். பாறையில வளர்ற கல்பாசிய அவங்க க்ராட்டல்னுவாங்க, அதை வேக வெச்சாச் செங்காவிச் சாயம். கோமியம் தெளிக்கறோம்னு நம்மைப் பார்த்துச் சிரிச்ச தொரைங்க, எதுல நனைச்ச கோட்டைப் போட்டுட்டுச் சிரிச்சாங்கன்னு இப்பத் தெரியுதா? பயப்படாத, இப்ப மில்லுல சோப்புத் தண்ணியிலதான் அலசறாங்க.

சரி, வாங்கற விவரம். ஒடம்போட படற உள்சட்டைக்கு மெரினோ வாங்கு. கம்பளி குத்தும்னு சொல்றவன், குத்தற கம்பளிய வாங்குனவன். இழை முப்பது மைக்ரானுக்கு மேல தடிச்சாத் தோலைக் குத்தும். நல்ல மெரினோ இருபதுக்குள்ள நிக்கும். அதுக்கு மேல ட்வீட் கோட்டு. கடையில கண்ணாடி முன்னால வயித்தை உள்ள இழுத்துட்டு நிக்காத. ரெண்டு கையையும் ஹேண்டில்பாரைப் புடிக்கற வாக்குல நீட்டிப் பாரு. முதுகு இழுக்குதா, கை மணிக்கட்டுக்கு மேல ஏறுதா, கீழ வெச்சுரு. தோளுக்குப் பின்னால மடிப்பு வெச்ச நார்ஃபோக் கோட்டுன்னு ஒண்ணு இருக்கு. வேட்டைக்குப் போனவங்க போட்டது, சைக்கிளுக்கும் பொருந்துச்சு. மடிப்பு விரிஞ்சு குடுக்கும்.

கால்சட்டை முட்டிக்குக் கீழ முடிஞ்சா உத்தமம், செயினுக்குத் தீனி போடாது. நீளக் கம்பளி மேஜோடு போட்டுக்கோ. ஆபீசுல சிரிப்பாங்கன்னா முழுக் கால்சட்டையே போடு, வலது காலு அடியில ஒரு கிளிப்ப மாட்டு. உக்கார்ற எடம் மட்டும் சீக்கிரம் தேஞ்சு போயிரும், சீட்டு தேய்க்கறது அப்படி. தேயறதுக்கு முன்னாலயே டெய்லர்கிட்டக் குடுத்து உள்பக்கம் ஒட்டுத் துணி வெச்சுரு. தேஞ்ச பின்னால வெச்சா, ரோட்டுல உனக்குப் பின்னால வர்றவனுக்குத்தான் மொதல்ல தெரியும்.

கெளம்பும்போது சித்தெ குளுரோணும். வாசல்லயே சொகமா இருந்தா, ரெண்டாவது மேட்டுல வெந்து போயிருவே. எடின்பரோவுல மேட்டுக்குப் பஞ்சமா? மேடு ஏறும்போது பித்தானை அவுத்து உடு, எறங்கும்போது போடு. சாதாரணத் தூறலுக்குக் கோட்டு போதும். ஆனா கொட்டுற மழைக்கு ட்வீட் உத்தரவாதம் குடுக்கலை. நல்லா நனைஞ்சுட்டா கோட்டு கல்லாக் கனக்கும், காயறதுக்கு ஒரு நாளாகும். பையில ஒரு மழைப் போர்வை வெச்சுக்கோ. இதையும் மறந்துராத: பழுப்புக் கோட்டு, பழுப்புத் தொப்பி, பழுப்பு மனுசன். டிசம்பர்ல உன்ற ஊர்ல மூணே முக்காலுக்கெல்லாம் சூரியன் கடைய மூடிருது. முன்னால வெள்ளை வெளக்கு, பின்னால செவப்பு வெளக்கு, செவப்பு ரிஃப்ளெக்டர் எல்லாம் அங்க சட்டம். பளபளன்னு மின்னற பட்டி ஒண்ணைத் தோளுக்குக் குறுக்கால போட்டுக்கோ. அழகு கெடும்தான். கெடட்டும், லாரிக்காரனுக்கு உன் அழகு வேண்டாம், உன் எடம் தெரிஞ்சாப் போதும்.

துவைக்கற விசயத்துலதான் கம்பளி சாவும். உன்னை வளர்த்த வளர்ப்புப்படி மெஷின்ல போட்டு, சுடுதண்ணி உட்டு, பட்டனை அமுக்கிட்டுப் போயிருவே. வெளிய எடுத்தா அது உனக்கு ஆகாது, உனக்குப் பொறக்கப் போற புள்ளைக்கு ஆகும். சூடும் ஆட்டமும் சேர்ந்தாச் செதில் ஒண்ணோடொண்ணு கொக்கி போட்டுக்கும். பின்னால யாரு பிரிச்சாலும் பிரியாது. பச்சைத் தண்ணி, கம்பளிக்குன்னு விக்கற சோப்பு, கையால அமுக்கி எடு. கறை தின்னற என்சைம் பவுடரைப் போடாத; அது புரதத்தைத் தின்னும், கம்பளியும் புரதம்தான். முறுக்கிப் புழியாத, கொடியில தொங்க உடாத. துண்டுல சுருட்டி ஈரத்தை எடுத்துட்டுத் தட்டையா விரிச்சுப் போடு. கோட்டைத் துவைக்கவே வேண்டாம். சேறு பட்டாக் காய உட்டு பிரஷ்ஷால தட்டு, உதிர்ந்துரும். ஈரமா இருக்கும்போது தேய்ச்சியோ, சேத்தை நீயே உள்ள குடி வெச்ச கணக்கு.

அப்பறம் பூச்சி. அந்துப்பூச்சி பறக்கும்போது பயப்படாத, பறக்கறது தின்னாது. அதோட புழுதான் தின்னும், அதுவும் இருட்டுல, யாரும் தொடாத மடிப்புல, வேர்வையும் சோத்துக் கறையும் இருக்கற எடமாப் பார்த்து. அதனால சுத்தமா வெய்யி, அடிக்கடி எடுத்து ஒதறு. அதைவிடப் பெரிய மருந்து ஒண்ணு இருக்கு: தெனமும் போடு. பீரோவுல பூட்டி வெச்ச துணியத்தான் பூச்சி தேடி வரும். ரோட்டுல போற துணிய அது தொரத்திட்டு வராது.

இதைச் சொல்லும்போதுதான் அந்தக் கூத்து ஞாபகம் வருது. லண்டன்ல 2009ல இருந்து ட்வீட் ரன்னுன்னு ஒரு ஊர்வலம் நடத்தறாங்களாம். முறுக்கு மீசை, கழுத்துல போ டை, பழைய சைக்கிளு, எல்லாரும் ட்வீட்டுல ஊரைச் சுத்தி வந்து டீ குடிச்சுட்டுக் கலைஞ்சு போறது. போயிட்டு வா, நோம்பின்னா நாமளும்தான் வேசம் கட்டறோம். ஆனா நோம்பி முடிஞ்ச மறுநாள் அந்தக் கோட்டு பரண்மேல ஏறுச்சுன்னா, உனக்கும் அந்தப் பளபளப்புத் துணிக்காரனுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவன் பந்தயக்காரன் வேசம், நீ பாட்டன் வேசம். ரெண்டு பேரும் துணி மாத்தித்தான் சைக்கிள் ஏறறீங்க. செவ்வாக்கெழமை காலையில, தூறல்ல, பால் பாக்கெட்டு வாங்க அதே கோட்டுல போயி, அதே கோட்டுல மேனேஜரைப் பார்த்து, அதே கோட்டுல ஒருத்தியோட டீ குடிக்கப் போனாத்தான் அது உடுப்பு. கடைசியாச் சொன்னதை அம்மாகிட்டச் சொல்ல மாட்டேன், போ.

விலையைக் கேட்டா மயக்கம் வரும்னு எனக்கும் தெரியும். புதுசு எதுக்கு? தர்மத்துக்கு நடத்தற சாரிட்டி கடையில நல்ல ட்வீட் கோட்டு தொங்கும், உள்பக்கம் அந்த உருண்டை முத்திரை இருக்கான்னு பாரு. செத்தவன் கோட்டான்னு அம்மிச்சி கத்துவா. அவன் செத்தும் கோட்டு சாகலை பாரு, அதுதான் சரக்குன்னு நான் சமாதானம் சொல்லிக்கறேன். அளவு மட்டும் கவனம். உனக்குச் சரியா இருக்கறதைவிட ஒரு சைஸ் பெருசா எடு. உள்ள மெரினோ போட எடம் வேணும், நாளைக்கு உனக்குத் தொப்பை போட எடம் வேணும். அதுவும் இல்லாம, இந்த ஊட்டிக் குளிர்ல கெழவனுக்கு நெஞ்சளவு நாப்பது; பட்டி நோம்பிக்கு ஊருக்கு வரும்போது தவறாமப் போட்டுட்டு வா, போகும்போது உன் லைக்ராவையே போட்டுட்டுப் போயிரலாம்.